இரு செவியும் ஆறு பெட்டியும்

கேள்வியின் சிறப்பினை உணர்ந்த வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது சான்றோர் சொல் கேட்டலை. யாம் கூற வந்ததோ இல்லத்தில் அமர்ந்து திரைப்படம் கேட்டலை. ‘திரைப்படம் காண்பதன்றோ?’ என நீவிர் வினவலாம். யாமும் அவ்வாறே எண்ணித் திரையின் அகலத்தை அங்குலக் கணக்கில் ஆராய்ந்து வாங்கினோம். ஒலியைப் பற்றி இறுதியிலேயே சிந்தித்தோம். அதனால் எம் இல்லத்தில் எழுந்த வழக்கும் அதன் தீர்ப்பும் பிறர்க்கும் பயன்படக்கூடும்.

“வாப்பா, வாங்கினால் ஆறு பெட்டி வாங்குவோம், திரையரங்கு போலவே இருக்கும்” என்றான் பொறியியல் பயிலும் எம் மகன். “செவி இரண்டு, பெட்டியும் இரண்டு போதும்” என்றோம் யாம். எம் கூடமோ 12 அடிக்கு 14 அடி. பின்சுவரை ஒட்டி இருக்கை, ஒருபுறம் கதவு, மறுபுறம் அலமாரியும், அண்டை வீட்டோடு பொதுவான சுவரும்.

இரண்டு பெட்டிகளால் ஒலிக்கும் ஸ்டீரியோ முறை பழமையானது. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். திரையில் நடிகர் ஓரிடத்தில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வந்ததைக் கண்டு சலித்தே அவர் இதனை எண்ணினார் என்பர். திரையரங்குகளில் 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டலும், 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டி.டி.எஸ். முறையும் வந்தன. இல்லங்களில் 5.1 எனப்படும் சரவுண்ட் அமைப்பு அவ்வழியில் வந்ததே. முன்னே இடம், நடு, வலம் என மூன்று பெட்டிகள். பக்கவாட்டில் சற்றுப் பின்னே இரண்டு. ஆழ்ந்த ஒலிக்கு மட்டும் வூஃபர் ஒன்று. இவற்றுள் உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே உரியது. மகன் பின்பெட்டிகளின் பெருமையையே பேசினான். நடுப்பெட்டியை அவனும் எண்ணவில்லை, யாமும் எண்ணவில்லை.

முதலில் எம் கருத்தே வென்றது. இரண்டு பெட்டிகள் வந்தன. நடுவில் அமர்ந்து கேட்ட எமக்குக் குறை ஏதும் தோன்றவில்லை. இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைந்தால், இரண்டிலும் சமமாக எழும் குரல் நடுவிலிருந்து எழுவது போலவே தோன்றும். ஆனால் அம்முனையில் அமரக்கூடியவர் ஒருவரே. கதவோரச் சாய்வு நாற்காலியில் அமரும் எம் தந்தையாருக்கு அருகிலிருந்த பெட்டியின் ஒலி முந்திச் சென்றது. பேச்சு முழுவதும் அப்பக்கமே ஒதுங்கியது.

78 அகவை நிறைந்த அவர் பாதிப் படத்தில் எழுந்து படுக்கச் செல்லலானார். நாள்தோறும் “உறக்கம் வருகிறது” என்பார். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டோம். “சத்தம் கேட்கிறது தம்பி, சொல்தான் விளங்கவில்லை” என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. முதுமையில் செவி முதலில் இழப்பது மேல்சுருதி ஒலிகளையே. உயிர் ஒலிகள் வலிமை மிக்கவை. ச, த போன்ற மெய்களின் அடையாளமோ மெல்லிய, உயர்ந்த அதிர்வுகளில் தங்கியிருப்பது. ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு உயிரும் மெய்யும் கற்பிக்கும் எமக்கு, எம் வீட்டிலேயே ஒருவர் உயிரைக் கேட்டு மெய்யை இழந்து அமர்ந்திருந்தது தெரியாமற் போயிற்று. ஒலியைக் கூட்டிப் பார்த்தோம். பின்னணி இசையும் உடன் கூடிப் பேச்சை மூடிற்று.

ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் வழி கூறினார். நடுப்பெட்டி ஒன்றைச் சேர்த்து, அதற்கேற்ற ரிசீவரில் அப்பெட்டியின் அளவை மட்டும் சற்றே உயர்த்துமாறு சொன்னார். ஏனைய ஒலிகள் இருந்தபடியே இருக்க, உரையாடல் மட்டும் முன்னே வரும். எந்த மூலையில் அமர்ந்தாலும் குரல் திரையிலிருந்தே எழும். பின்பெட்டிகளை வைக்க எம் கூடத்தில் இடமில்லை. வூஃபரின் ஆழ்ந்த அதிர்வு சுவரைக் கடந்து அண்டை வீட்டுக் கைக்குழந்தையை எழுப்பிவிடும். ஆகவே இரண்டும் அன்று, ஆறும் அன்று. மூன்று என முடிவாயிற்று.

அன்றிரவு தந்தையாரின் விருப்பப்படி, 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ ஓடிற்று. ஒற்றைத் தடத்தில் பதிவான அப்படத்தின் ஒலியை ரிசீவர் நடுப்பெட்டிக்கே அனுப்பிற்று. ஏனைய இரண்டும் வாய் திறக்கவில்லை. நீதிமன்றக் காட்சி முடியும்வரை தந்தையார் எழவில்லை. “மூன்று வாங்கி ஒன்றுதானே பேசுகிறது, வாப்பா!” என்று நகைத்தான் மகன். அவன் பாட்டனாரோ அவனைக் கையமர்த்தி, “பேச்சைக் கேள்” என்றார்.

தனித்து நடுவில் அமர்ந்து கேட்பவர்க்கு நல்ல பெட்டிகள் இரண்டே போதும். பின்னே இடமுள்ள அகன்ற கூடம் வாய்த்தவர் ஆறும் வைத்து மகிழலாம். மூத்தோரோடு கூடியிருந்து காணும் குடும்பத்தார்க்கு நடுப்பெட்டியே முதன்மையானது. வாங்கச் செல்லுமுன் பெட்டிகளை எண்ண வேண்டா. கூடத்தில் அமர்வோரை எண்ணுக. அவருள்ளும் ஓரத்தில் அமர்பவரை முதலில் கேட்டறிக.