மலைக்கு வயிறு கிழிந்த சாயங்காலம்

ஏழு வயதில் கம்பன் எனக்குக் கதை. கபாலி கோயில் தெப்பக்குளப் படிக்கட்டில் தாத்தா சொல்லச் சொல்ல, மீனுக்குப் பொரி போட்டபடி கேட்பேன். ஒன்பதாம் வகுப்பில் அதே கம்பன் மனப்பாடப் பகுதி ஆகிவிட்டான். ஒரு சீர் தப்பினால் மார்க் போச்சு. செய்யுள் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அந்தக் கோடை விடுமுறையில் லஸ் சர்ச் ரோடு நடைபாதையில், ஆழ்வார் பழைய புத்தகக் கடையில், அட்டை போன ஒரு புத்தகத்தைத் தாத்தா உருவினார். மர்ரே எஸ். ராஜம் 1950-களில் மலிவு விலையில் போட்ட கம்பராமாயணம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பேரம் பேசாமல் வாங்கினார். தாத்தா பேரம் பேசாமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

ராஜம் தமிழறிஞர்களைக் கூட வைத்துக்கொண்டு, சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, பழைய இலக்கியங்களை அச்சிட்டார். எவ்வளவு பெரிய காரியம் அது! ‘கற்றூண்’ என்றால் மிரள்கிற பையன் ‘கல் தூண்’ என்றதும் நிமிர்ந்துவிடுவான். பத்தாயிரம் பாட்டுக்கும் அப்படி ஒருவர் வழி திறந்துவிட்டால்?

திண்ணையில் உட்கார்ந்து, சுந்தர காண்டத்தில் கடல் தாவு படலத்தைப் பிரித்தேன்.

“வாய்விட்டுப் படிடா. கண்ணால மட்டும் படிச்சா பாட்டு ஊமையாயிடும்” என்றார் தாத்தா.

படித்தேன். அனுமன் காலை ஊன்றுகிறான். மகேந்திர மலை நெரிந்து கீழே அழுந்துகிறது. குகைகளுக்குள் கிடந்த வரிப் பாம்புகள் புரண்டு வெளியே வருகின்றன. மலைக்கு வயிறு கிழிந்து குடல் பிதுங்கியது மாதிரி!

“தாத்தா, குடலா?”

“குடலேதான். திரும்பப் படி.”

மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் பாட்டின் ஓட்டம் தானாகவே நாக்கில் ஏறிக்கொண்டது. அர்த்தம் தெரியாத சொற்கள் இருக்கத்தான் செய்தன; நிற்கத் தோன்றவில்லை. கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. பாட்டி காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனது தெரியாது. எடுத்துப் பார்த்தபோது ஆடை படிந்திருந்தது.

அன்று ராத்திரி, பரணில் வீசிய தமிழ்ப் பாடநூலைத் தேடி எடுத்தேன். மனப்பாடச் செய்யுளில் சொல்லுக்குச் சொல் பென்சிலால் சாய்கோடு போட்டுப் பிரித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் பரீட்சை எதுவும் இல்லை.