ஏழு கிலோவும் ஒரு சிமிழும்

பயணத்திற்கு முந்திய இரவில் ஒருவர் தம் பெட்டியை அடுக்கும் முறையைக் கண்டால், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது விளங்கிவிடும். மழைக்கு அஞ்சுபவர் குடை வைப்பார். நோய்க்கு அஞ்சுபவர் மருந்து வைப்பார். பிறர் கண்ணுக்கு அஞ்சுபவர் வைப்பது யாது?

கிள்ளான் நகரில், தெங்கு கிளானா சாலைக்கு அணித்தே உள்ள அடுக்குமாடி வீடொன்றில், ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிலும் இளம்பெண் ஒருத்தி பெட்டி அடுக்கிக் கொண்டிருந்தாள். பாட்டியின் உடன்பிறந்தார் வழியில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஒரு திருமணம். அவள் தமிழகம் செல்வது அதுவே முதன்முறை. குறைந்த கட்டணப் பயணச்சீட்டு. ஆதலால் கையோடு எடுத்துச் செல்ல ஏழு கிலோ மட்டுமே உண்டு. மூன்று சேலைகளும் உறவினர்க்கான அன்பளிப்புகளும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எஞ்சிய சிறு மூலையில்தான் முகத்திற்கு வேண்டியவை அடங்க வேண்டும்.

ஒப்பனையோடு புறப்படுவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், கடலாடச் செல்லுமுன் மாதவி நீராடிய சிறப்பை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நன்னீரில் அவள் கூந்தலைக் கழுவுகிறாள்; அகிற்புகையில் உலர்த்துகிறாள்; அணிகலன்கள் பூண்டு வண்டியேறுகிறாள். மாதவிக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. கிள்ளான் பெண்ணுக்கோ ஏழு கிலோவும், தாய் கொடுத்த முப்பது வெள்ளியுமே எல்லை.

எனினும் அவள் கெட்டிக்காரி. கிள்ளானில் இரயிலேறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றாள். 2010 அக்டோபர் 27ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா அங்கேதான் உள்ளது. துன் சம்பந்தன் சாலையின் கடைகளில் கண்மைக் குச்சி ஒன்று, பொட்டு அட்டை ஒன்று, சிறிய முகப்பவுடர் டப்பா ஒன்று, உதட்டுச் சாயம் ஒன்று ஆகியவற்றை வாங்கினாள். முப்பது வெள்ளியில் மீதமும் இருந்தது.

நீர்மங்களே தொல்லை தருவன. 2006 ஆகஸ்டு மாதத்தில், நீர்ம வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கத் தீட்டப்பட்ட சதியொன்றை இலண்டன் காவல்துறை முறியடித்தது. அதன் பின்னரே, பன்னாட்டு விமானங்களில் கையோடு கொண்டு செல்லும் நீர்மம், களிம்பு, பசை ஆகிய ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கலத்தில் இருத்தல் வேண்டும். அவையனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்குதல் வேண்டும் என்னும் விதி உலகெங்கும் பரவியது. கணக்கில் கொள்ளப்படுவது கலத்தின் கொள்ளளவே, உள்ளிருக்கும் பொருளின் அளவு அன்று. தாய் எடுத்து வைத்திருந்த பெரிய புட்டியில் தேங்காயெண்ணெய் பாதிதான் இருந்தது. ஆயினும் புட்டி பெரிது. ஆகவே அவள் எண்ணெயைச் சிறு குப்பியில் ஊற்றி, மூடியின் கீழ் மெல்லிய நெகிழித் தாளை வைத்து இறுக்கினாள். முகம் கழுவும் நீர்மத்தை விடுத்துச் சவர்க்காரக் கட்டியை எடுத்துக்கொண்டாள். கட்டிக்கு அவ்விதி இல்லை.

தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்த பாட்டி தம் பங்குக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அது பெடாக் செஜோக். அரிசியை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து அரைத்து, சிறு சிறு துளிகளாக இட்டு வெயிலில் உலர்த்திச் செய்யும் குளிர்ச்சிப் பவுடர். நான்கு மணிகளை உள்ளங்கையில் இட்டு நீர் தெளித்தால் பூச்சு தயார். “சிந்தாது, சாயாது, விலையும் குறைவு. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் பூசிக்கொள், கண்ணு” என்றார் பாட்டி.

இவற்றையெல்லாம் பாயின் மீது பரப்பி வைத்திருந்தபோதுதான் அடுத்த வீட்டுப் பெரியம்மா வந்தார். அவர் அரசாங்க மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சேலை மடிப்புக்குள் பாதி மறைந்திருந்த வெள்ளைச் சிமிழ் ஒன்று அவர் கண்ணில் பட்டது.

“இது என்னம்மா?”

“முகத்துக்குப் பூசும் களிம்பு, பெரியம்மா. பாசார் மாலாமில் வாங்கினேன்.”

சிமிழில் செய்தவர் பெயர் இல்லை. சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் இல்லை. ஏழு நாளில் நிறம் மாறும் என்னும் வாக்குறுதி மட்டும் இருந்தது. உடன் மடித்து வைத்திருந்த தாளைப் பெரியம்மா விரித்துப் படித்தார். பூசுமுன் பொன், வெள்ளி நகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி காணப்பட்டது. பெரியம்மா தம் விரலிலிருந்த மோதிரத்தைச் சற்றே திருகியவாறு கேட்டார்: “பொன்னுக்கு ஆகாத ஒன்று உன் முகத்துக்கு ஆகுமா?”

அவ்வினா வெறும் சொல்லழகு அன்று. பாதரசம் பொன்னைத் தொட்டால் அதனோடு கலந்து அதை வெளுக்கச் செய்யும் இயல்புடையது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதையும் அது தடுக்கும்; சில களிம்புகள் விரைந்து ‘வெளுப்பு’த் தருவதன் மறைபொருள் இதுவே. ஆனால் பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. குருதியிற் கலந்து சிறுநீரகத்தைச் சென்று தாக்குகிறது. நரம்புகளுக்கும் ஊறு செய்கிறது. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய பிரிவொன்று இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் இந்நோயின் அறிகுறிகள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாத்தா உடன்படிக்கையில் ஒப்பனைப் பொருள்களும் இடம்பெற்றன. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவாயினும், 2025ஆம் ஆண்டுக்குள் அதன் உற்பத்தியும் வணிகமும் முடிவுக்கு வரவேண்டும் என 2023இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளன. ஒப்பனைப் பொருளை விற்பனைக்குக் கொணர்வோர் அதனைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு முன்கூட்டியே அறிவித்தல் கட்டாயம். பாதரசம் கண்டறியப்பட்ட பொருள்களின் அறிவிப்பை அப்பிரிவு நீக்கி, அவற்றின் பெயர்களை வெளியிட்டும் வருகிறது. வாங்குமுன் ஒரு பொருளின் பெயரை அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பெயரே இல்லாத சிமிழை எங்கே தேடுவது?

“நீ ஏனம்மா இதை வாங்கினாய்?” என்று பெரியம்மா மெல்லக் கேட்டார்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னாள். திருமண வீட்டாருக்கு அவளுடைய நிழற்படம் முன்பே சென்றிருந்தது. அதைப் பார்த்த அத்தை ஒருவர் தொலைபேசியில், “பெண் இலட்சணம்தான், நிறம் மட்டு” என்று கூறியது அவள் காதில் விழுந்துவிட்டது. யாரும் அவளை வைய நினைக்கவில்லை. ஆயினும் அந்தச் சொல், தாய் கொடுத்த முப்பது வெள்ளிக்கு அப்பால், அவள் சேமிப்பிலிருந்து பதினைந்து வெள்ளியைப் பிடுங்கிக்கொண்டது.

அடுக்களையில் இருந்த தாய் இதைக் கேட்டுக் கொண்டேதான் இருந்தார். ஈரக் கையைத் துடைத்தவாறு வந்து மகளருகே அமர்ந்தார். “என் நிறம்தானே உனக்கு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று சொற்களில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. மகள் தலைகுனிந்தாள்.

அச்சிமிழில் பாதரசம் இருந்ததா என்பது சோதனைச் சாலைக்கே தெரியும். ஆனால் நகையைக் கழற்றச் சொல்லும் களிம்பை ஐயுறுவதற்குச் சோதனைச் சாலை வேண்டியதில்லை. பெரியம்மா அதை நெகிழிப் பையிலிட்டு இறுகக் கட்டினார். குப்பையிலோ சாக்கடையிலோ எறிந்தால் நஞ்சு மண்ணுக்கும் நீருக்கும் போகும் என்று சொல்லி, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்து ஒப்படைப்பதாகத் தாமே எடுத்துச் சென்றார்.

சிமிழ் இருந்த இடத்தில் பாட்டியின் பெடாக் செஜோக் பொட்டலம் அமர்ந்தது. வெயிலைத் தாங்கும் களிம்பு ஒன்றை, பெயரும் பட்டியலும் பார்த்து, மறுநாட் காலையில் மருந்தகத்தில் வாங்கிக்கொள்வதென முடிவாயிற்று. பெட்டியை மூடித் தராசில் தொங்கவிட்டபோது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

இன்னும் சில ஆண்டுகளில் அப்பெண் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பின் முன் நிற்பாள். பல நிறத்துப் பிஞ்சு முகங்கள் அவளை அண்ணாந்து நோக்கும். ஆண்டுவிழா நாளில், கறுத்த சிறுமி ஒருத்தி தன் கன்னத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டு வந்து, “டீச்சர், இப்போது நான் அழகா?” என்று கேட்பாள். அன்று அவள் என்ன விடை சொல்வாளோ, அதற்கான பாடத்தை அவள் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. கிள்ளான் வீட்டில், பாயின் மீது பரப்பிய பொருள்களுக்கு நடுவே, ஒரு சிமிழை வெளியே எடுத்து வைத்த அந்த இரவிலேயே படித்தாள்.