கண்டமும் அதலைக்காயும்

வெளியே ஐப்பசி மழை. ஊறவைத்து அம்மியில் நச்சிய உப்புக்கண்டத்தை இருப்புச்சட்டி நல்லெண்ணெயில் போட்டேன். எழுந்த வாசனையில் சித்திரை வெயில் அடுப்படிக்குள் வந்துவிட்டது.

விருதுநகர் பக்கம் சூலக்கரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி வெயில் அது. ஊர்க் கொடை முடிந்து மிஞ்சிய ஆட்டுக்கறியை அம்மா எலும்பு நீக்கி வாராக நறுக்குவாள். உப்பு, மஞ்சள், அரைத்த வரமிளகாய், பூண்டு தடவி ராத்திரி முழுக்க ஊறும். விடிந்ததும் சாக்கு ஊசியில் சணல் கோத்து, துண்டு துண்டாக ஏற்றி, இரண்டு கம்புகளுக்கு நடுவே சரமாகக் கட்டுவாள். காக்கா விரட்ட நான். கையில் பனமட்டை. நாலைந்து நாளில் கறி சுருங்கிக் கறுத்து, தட்டினால் விறகு மாதிரி சத்தம் கேட்கும். அப்புறம் பானைக்குள் போய்விடும். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் காய்வதற்கு வேண்டிய அதே வெயில்தான். மழை பொய்க்கிற சீமை இது; வெயில் மட்டும் பொய்த்ததில்லை. அதைப் பானையில் சேர்த்துவைக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மழை பெய்தால் இன்னொன்று வரும். கரிசலுக்குள் கிழங்காக உறங்கிக் கிடந்த கொடி ஈரம் பட்டதும் முளைத்து, வரப்பெல்லாம் படர்ந்து, சுண்டுவிரல் நீளத்துக்குக்கூட வராத காய் காய்க்கும். அதலைக்காய். பாகற்காய்க்குச் சொந்தம். யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் கட்டுவதில்லை. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு முழுதாகத்தான் போட வேண்டும். "உடச்சிராத, வெத வெளிய வந்தா கசப்பு ஏறிரும்" என்பாள் அம்மா. ஊரில் அதைத் தனியாகப் பொரிப்பார்கள். அம்மா மட்டும் கண்டம் பொரிந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கி அதலைக்காயைப் போட்டுவிடுவாள். கண்டத்தின் உப்பே போதும். தனியாக உப்புக் கிடையாது. நாலு துண்டுக் கறியில் ஏழு பேர் சாப்பிட அவள் கண்ட வழி அது.

பல வருஷம் கழித்து நியூஜெர்சியில் அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி. மதினி கனத்த இரும்பு வாணலியில் சாசேஜைத் தோலிலிருந்து பிதுக்கி உதிர்த்துச் சிவக்க விட்டார். அந்தக் கொழுப்பிலேயே பூண்டு, மிளகாய் வற்றல் தூள், பிறகு புரோக்கோலி ராப் என்கிற கீரை. எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். வாயில் வைத்தேன். முதலில் சோம்பு, அப்புறம் கொழுப்பு, கடைசியில் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு.

"என்ன மதினி, நம்ம அதலைக்காய் மாதிரில்லா கசக்கு!"

"அதுக்குத்தான உனக்குச் செஞ்சேன்."

1880-க்கும் 1920-க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழை விவசாயிகள். கறி அவர்களுக்குத் திருநாள் பண்டம். வயலோரக் கசப்புக்கீரை அன்றாடம். இரண்டையும் ஒரே சட்டியில் சேர்த்த கை, என் அம்மாவின் கை போன்ற ஒன்றாகத்தான் இருந்திருக்கும். கசப்பைப் பிழிந்து எறியவும் இல்லை, வெல்லம் போட்டு மறைக்கவும் இல்லை. கொழுப்பைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்கள்.

இதோ, கண்டத்தின் ஓரம் சிவந்துவிட்டது. வெங்காயம் போட்டாயிற்று. அதலைக்காய் விழுந்ததும் சட்டி ஒரு தரம் அடங்கி மறுபடி சீறுகிறது. சித்திரையில் காய்ந்ததும் ஐப்பசியில் முளைத்ததும் ஒன்றோடொன்று உருள்கின்றன. அம்மா இருந்திருந்தால் மூடாதே என்பாள். மூடவில்லை.

கரிசல் காடு பிளாட்டாகிற இடத்தில் அந்தக் கிழங்குக்கு மறுமழை கிடையாது. மழைக்காலத்தில் விருதுநகர் பக்கம் வந்தால், சந்தையில் சாக்கு விரித்து அதலைக்காய் வைத்திருக்கும் அம்மாக்களிடம் கால் கிலோவாவது வாங்குங்கள். அன்றைக்கே சமைத்துவிடுங்கள், வைத்திருந்தால் காய் வெடித்துவிடும்.