ஆடியில் நாகஸ்வரம் என்ன செய்யும்?

ஆடி பிறந்தால் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி, அம்மன் கோயில்களில் கூழ், தெருவுக்குத் தெரு மெல்லிசைக் கச்சேரி என்று ஊரே களைகட்டும். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா மளிகை லிஸ்ட்டைச் சுருக்க ஆரம்பித்துவிடுவார். என் அண்ணன் நாகஸ்வரக் கலைஞர், அப்பா தவில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் வரும்படியும் கிடையாது.

கோயில் விசேஷங்கள் ஒன்றிரண்டு வரும்தான். ஆனால், அதில் வருவது பஸ் செலவுக்கும் பூஜைக்குப் போன மரியாதைக்கும் சரியாக இருக்கும். வீட்டு வாடகை, கேஸ், கடன் தவணை எல்லாவற்றையும் தை முதல் ஆனி வரை ஊதிச் சம்பாதித்ததில்தான் ஓட்ட வேண்டும். இப்படி வருடத்தில் ஒரு தடவை இல்லை. புரட்டாசியில் பாதி வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மார்கழியில் யாருமே வைக்க மாட்டார்கள். 2020-ல் மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டபோது பங்குனி, சித்திரை, வைகாசி என்று சீசன் மொத்தமும் ஒரே அடியாகப் போனது. அந்த வருடம் எங்களுக்கு எல்லா மாதமும் ஆடிதான்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ‘வேலையில் உற்சாகம் குறையாமல் இருக்க 7 வழிகள்’ மாதிரி கட்டுரைகள் எவ்வளவோ என் கையால் ஏறியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அண்ணனுக்குப் பொருந்தாது. அவனுக்கு உற்சாகம் குறையவில்லை, வேலைதான் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் நமக்கு அவ்வளவு சீக்கிரம் புரிவதில்லை.

போன வருடம் ஆடிக்குக் கொஞ்சம் முன்னால், கும்பகோணத்தில் ஒரு மொபைல் கடையில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தான். “கொஞ்ச நாள்தான் பாப்பா, ஆவணி பொறந்ததும் விட்டுடுவேன்” என்றான். காலை 10 மணிக்குக் கடை. இரவு வீடு திரும்ப 9:30 ஆகிவிடும். பேச்சு சாமர்த்தியம் உள்ளவன், கணக்கும் சுத்தம். முதலாளிக்குப் பிடித்துப்போய்விட்டது.

நாகஸ்வரத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஹார்மோனியத்தைப் பத்து நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் கட்டை அப்படியேதான் இருக்கும். நாகஸ்வரம் அப்படியில்லை, அதில் பாதி வாத்தியம் ஊதுகிறவனின் உடம்பில் இருக்கிறது. அரைச் சுரம், கால் சுரம் எல்லாம் விரலை எவ்வளவு திறக்கிறோம், உதட்டால் சீவாளியை எவ்வளவு அழுத்துகிறோம், மூச்சை எப்படி விடுகிறோம் என்பதில் பிறப்பவை. பத்து நாள் விட்டால் உதடு தளர்ந்துவிடும், மூச்சு குறைந்துவிடும். மூன்று மாதம் விட்டுவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் போய் நின்றால், முகூர்த்த நேரம் வரை தாங்காது. ஆகவே, சம்பளம் இல்லாத மாதத்திலும் வேலை செய்தே தீர வேண்டிய தொழில் இது.

அதற்கும் இடம் வேண்டுமே. நாங்கள் இருப்பது வாடகை வீடு. நாகஸ்வரம் திறந்த வெளிக்காகவே செய்த வாத்தியம், நான்கு சுவருக்குள் அடங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள், எதிர் வீட்டுத் தாத்தாவுக்குத் தூக்கம் இல்லை என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் அண்ணன் காலை ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போய்விடுவான். முதல் அரை மணி நேரம் ராகம், பாட்டு எதுவும் கிடையாது. ஒரே சுரத்தை மூச்சு முட்டும் வரை நீட்டிப் பிடிப்பது, அவ்வளவுதான். அதன்பிறகு வரிசைகள், மூன்று காலத்தில். வெறுமனே கேட்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஊதுகிறவனுக்கும் சலிப்பாகத்தான் இருக்கும் என்பான்.

வீட்டுக்கு வந்தால் சீவாளி வேலை. நாணல் தட்டையில் செய்யும் சீவாளிதான் நாகஸ்வரத்தின் நாக்கு. புதிதாக வாங்கினால் உடனே பேசாது. ஊதி ஊதித்தான் பழக்க வேண்டும். சீசனில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஆடியில் நாலைந்து சீவாளிகளைப் பழக்கி எடுத்து வைத்துக்கொள்வான். அப்பா தன் பங்குக்குத் தவிலைப் பிரித்துத் தோலைப் பார்ப்பார், விரல்களுக்குப் போடும் கூடுகளைப் புதிதாகச் செய்து காயவைப்பார். வீட்டில் கிடக்கிற அந்தப் பசை வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆடியின் வாசனை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஆடியிலும் ஒரு புது உருப்படியாவது பாடம் பண்ண வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கல்யாணத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே ரிசப்ஷன் ஆரம்பித்தால் சினிமாப் பாட்டுச் சீட்டுதான் வரும். “பின்னே எதுக்குப்பா?” என்று ஒருமுறை கேட்டேன். “அவன் சலிச்சுப் போகாம இருக்கணும்ல?” என்றார். ஒரே பத்துப் பாட்டைப் பத்து வருடம் வாசிக்கும் ஒருவனுக்கு, தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வேண்டும். அது கைதட்டலில் கிடைக்காது.

ஆடி முடியும் நேரத்தில் மொபைல் கடை முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, வேலையை நிரந்தரமாக்குகிறேன், பி.எஃப் உண்டு, தீபாவளி போனஸ் உண்டு என்றார். ஒரே நிபந்தனை, முகூர்த்த நாளில் லீவு கேட்கக் கூடாது. கடைக்கும் அன்றைக்குத்தானே கூட்டம் வரும்.

அம்மா மூன்று நாள் விடாமல் பேசினார். “உனக்கும் ஒரு கல்யாணம் ஆகணும்டா. பொண்ணு வீட்டுல மாசச் சம்பளம் எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க” என்றார். அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஊரெல்லாம் கல்யாணத்துக்கு ஊதுகிறவனுக்குப் பெண் கேட்டுப் போனால், தொழில் என்ன என்று சொன்னதும் பேச்சு மாறுகிறது. அப்பா வாயே திறக்கவில்லை. வேலையில் இரு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

அண்ணன் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான். சீசனில் வருவது எவ்வளவு, வராத மாதங்கள் எத்தனை என்று எழுதினான். ஒவ்வொரு கச்சேரிப் பணத்திலும் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாகப் போட்டால் ஆடியும் மார்கழியும் தாண்டும். புரட்டாசிதான் இடித்தது. அதற்கு, மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதினான். இதையெல்லாம் அம்மாவிடம் காட்டிவிட்டு, ஆவணி முதல் தேதியோடு கடையிலிருந்து நின்றுகொண்டான்.

இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள். அம்மாவின் கவலை தீரவில்லை. வரன் பார்ப்பதும் நிற்கவில்லை. ஆனால், இந்த வருடம் மளிகை லிஸ்ட்டில் பெரிதாக எதையும் அடிக்கவில்லை என்று போனில் சொன்னார்.

கடைசியாக ஒன்று. ஆவணியில் உங்கள் வீட்டில் விசேஷம் இருந்தால், மண்டபத்துக்கும் சமையலுக்கும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே மேளக்காரர்களுக்கும் நேரில் பேசிக் கொடுத்துவிடுங்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு கைக்கு வரும் மொத்தப் பணத்தைவிட, ஆடியில் வரும் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸுக்கு எங்கள் வீடுகளில் மதிப்பு அதிகம்.