சீவாளிச் சத்தம் சிதையாம

சின்னமனூர்ல எங்க வீட்டுக் கல்யாண நாயனத்தைச் சித்தப்பா மகன் நல்ல ரெக்கார்டர்ல பதிஞ்சிருந்தான். வேவ் ஃபைல், நிமிஷத்துக்கு 10 எம்பி. சிங்கப்பூர் மதினிக்கு அனுப்பணும். எம்பி3 ஆக்கி ரொம்பச் சுருக்கினா தவில் தெறிப்புதான் முதல்ல மழுங்கும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரங்க நாங்க, இதுலகூடப் பிடிவாதம் பிடிக்கலைன்னா எப்படி?

அதனால ஃபிளாக். 2001லேயே வந்த இலவச வடிவம். ஃபைல் ஏறக்குறைய பாதியாகும். விரிச்சா ஒரு பிட்கூட மாறியிருக்காது.

உபுண்டு டெர்மினல்ல ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபிளாக்’. அப்புறம் ஃபோல்டருக்குள்ள போய் ஃபிளாக், இடைவெளி, ஹைபன் 8, இடைவெளி, நட்சத்திரம் புள்ளி வேவ். மொத்தமும் மாறிடும். 8ங்கிறது எவ்வளவு இறுக்கணும்ங்கிறதுக்கு மட்டும். 0 போட்டாலும் தரம் அதேதான், ஃபைல் கொஞ்சம் பெருசு.

எனக்குப் பிடிச்சது, மாத்தின ஃபைலைச் சோதிக்கிற ஹைபன் டி (‘டெஸ்ட்’டோட t). மூல ஒலியோட எம்டி5 கைரேகை ஃபைலுக்குள்ளயே இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பார்த்து ‘ஓகே’ங்கும். (நம்ம ஆளுங்க இவ்வளவு சீக்கிரம் ஓகே சொல்றதில்ல!)

வாட்ஸ்அப்ல ‘டாக்குமெண்ட்’டா அனுப்புங்க, 2 ஜிபி வரை போகும். வாசிச்ச வித்வான்கிட்ட கேட்டுட்டுத்தான் குடும்பக் குரூப்ல போட்டோம். அவருக்கும் பென்டிரைவ்ல ஒரு காப்பி கொடுத்தாச்சு.