கேஹிலும் வேலுப்பிள்ளையும்

எங்கட வீட்டில உதைபந்தாட்டம் எண்டால் வாக்குவாதம்தான். நானும் மகனும் தொடங்கினால் மனிசி தேத்தண்ணியை வச்சிட்டு எழும்பிப் போயிடுவா.

பெரும்பாலும் டிம் கேஹில் பற்றித்தான் பேச்சு. சிட்னியில் பிறந்தவர், தாய் சமோவாக்காரி. 2004இல் மில்வோல் கழகத்திடமிருந்து எவர்ட்டன் அவரைச் சுமார் 15 லட்சம் பவுண்சுக்குத்தான் வாங்கியது. எட்டு வருடம் அங்கே விளையாடினார். நடுக்களத்துக்கு எண்டு வாங்கின ஆள். ஆனால் முன்னுக்கு ஆள் குறைஞ்ச நேரங்களில் பயிற்சியாளர் டேவிட் மோயிஸ் அவரை முன்கள வீரராகவும் நிறுத்தினார். ஆறடி கூட இல்லாத மனிசன், நெடுத்த தடுப்பாளர்களுக்கு மேலால எழும்பித் தலையால கோல் அடிச்சார்.

"அப்ப ஸ்ட்ரைக்கர் தானே அப்பா?" என்பான் மகன். பின்னுக்கிருந்து பிந்தி ஓடி வாறதாலதான் அவரைப் பிடிக்கேலாமல் போனது, முன்னுக்கே நிறுத்தினால் அந்தப் பலம் போயிடும் என்பது என் கட்சி.

2024 ஒக்டோபரில் அடிலெய்ட்டில் சீனாவுக்கு எதிரான ஆட்டத்தில், மெல்பேர்ண் விக்டரியின் நிஷான் வேலுப்பிள்ளை மாற்று வீரராக இறங்கி, அவுஸ்திரேலியாவுக்கான முதல் ஆட்டத்திலேயே கோல் அடிச்சார். வேலுப்பிள்ளை எண்டு வர்ணனையாளர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் தன் பெயரைச் சுருக்கிச் சொல்லிப் பழகின மகன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்ப வாக்குவாதம் அவரைப் பற்றி. ஓரத்திலயா, நடுவிலயா? இங்கிலாந்துக்குப் போனால் எவ்வளவு பெறுவார்? கேஹிலைப் பார்த்தால், வாங்கின விலை ஆளின் பெறுமதியைச் சொல்லாது. மகன் மட்டும் போன தவணைப் படிவத்தில் தன் முழுப்பெயரையும் எழுதியிருந்தான்.