உப்பிட்ட கை

எங்கள் மரக்காணத்தில் உப்புதான் பலருக்குப் பிழைப்பு. தை பிறந்தால் உப்பளப் பாத்திகளைச் சீர் செய்யத் தொடங்குவார்கள். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். என் கணவரின் பெரியம்மா நாற்பது வருஷம் அந்த வெயிலில் உப்புக் கூடை சுமந்தவர். அவருக்குக் குழந்தை இல்லை. தாயை இழந்த என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

அவருக்கு முட்டி தேய்ந்து நடை தளர்ந்த பிறகு, ஒருநாள் அலுப்பில் நான் முணுமுணுத்துவிட்டேன். "பெத்த பிள்ளை இருந்தா அது பார்த்துக்கும். எல்லாம் என் தலையிலதானா விடியணும்?"

அவர் காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டே போய், தம் தட்டைத் தாமே கழுவி வைத்தார். எனக்குச் சுரீரென்றது. கொச்சியில் பார்த்த சாராப் பாட்டியின் நினைவும் உடனே வந்தது.

2013-ல் எர்ணாகுளத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மட்டாஞ்சேரியில் யூதர் தெருவையும், 1568-ல் கட்டிய அவர்களுடைய ஜெப ஆலயத்தையும் பார்க்க அழைத்துப் போனாள். தெருவில் ஒரு வீட்டின் முன்னறையே எம்பிராய்டரிக் கடை. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி அங்கே அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவர்தான் சாரா கோஹன்.

1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு, கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். சாராவும் அவர் கணவர் ஜேக்கப்பும் பிறந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்கள். தம் மக்கள் பிரார்த்தனையில் அணியும் சிறு தொப்பிகள், ரொட்டியை மூடும் துணிகள் என்று சாரா பூவேலை செய்து வந்தார்.

நான் ஒரு துணியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் முன் வீட்டுப் பெண் விளக்கேற்றுவாளாம். பிறகு அந்தத் துணியால் மூடி வைத்த ரொட்டியை எடுத்து, உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்களாம். வெள்ளிக்கிழமை விளக்கு, உப்பு! நம் வீட்டுச் சங்கதி போலவே இருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அந்தத் துணியை வாங்கி வந்தேன்.

சாராவுக்கும் குழந்தை இல்லை. தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் சிறுவன் அந்தத் தெருவில் தபால் அட்டை விற்றுக்கொண்டிருந்தான். சரக்கு வைக்க இடமில்லாமல் நின்றவனுக்கு ஜேக்கப் தம் வீட்டில் இடம் கொடுத்தார். முதலில் சாராவுக்கு அது பிடிக்கவில்லையாம். போகப் போக அவனும் ஊசி நூல் எடுத்து அவருக்கு உதவினான். 1999-ல் ஜேக்கப் காலமானார். அவருக்குக் கொடுத்த வாக்கின்படி தாஹாவும் அவர் மனைவியும் கடைசி வரை சாராவைப் பார்த்துக்கொண்டார்கள். 2019 ஆகஸ்ட் 30-ல், 96 வயதில் சாரா மறைந்தார். அவர் கடையையும் நினைவுகளையும் காத்து நின்றவரும் அதே தாஹாதான்.

வேற்று மதத்துப் பிள்ளை ஒருவன் காட்டிய அந்தப் பாசம், இருபது வருஷம் இவர் கையால் சாப்பிட்ட எனக்கு இல்லாமல் போனதே!

அன்று மாலை பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பா பேசிட்டேன் பெரியம்மா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"போம்மா, அலுப்புல வர்ற வார்த்தைதானே" என்று என் தலையைத் தடவினார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்த்துப்போன கை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையில் குத்துவிளக்கை அவர் நாற்காலிக்கு அருகில் கொண்டுபோய் வைக்கிறேன். அவர்தான் ஏற்றுகிறார். தட்டை நான் கழுவுகிறேன்.